பழைய ஸ்கி போட்டில் சர்ஃப் அலை எழுமா?

9 ஜூன் 2024, காலை. வந்த கேள்வி

சொந்த ஊர் ஆம்பூர், இப்போது டெக்சஸில் இருக்கிறேன். 1989 மாடல் ஸ்கி போட் ஒன்று, தண்ணீர்ச் சறுக்கு ஆடுபவரைக் கயிற்றில் இழுத்துப் போகும் படகு, மலிவாகக் கிடைத்தது, வாங்கிவிட்டேன். 19 அடி, என்ஜின் நடுவில், ஃபோர்டு 351. எடை ஏற்றினால் இதிலேயே வேக் சர்ஃபிங் செய்யலாம், அதாவது படகுக்குப் பின்னால் எழும் அலை மேல் கயிற்றை விட்டுவிட்டுப் பலகையில் நிற்கலாம் என்கிறார்கள். எத்தனை கிலோ, எந்த இடத்தில் வைப்பது? புதிய சர்ஃப் போட் விலையைக் கேட்டால் ஆம்பூரில் வீடு கட்டிவிடலாம் போலிருக்கிறது.

9 ஜூன், இரவு

எழும். ஆனால் தோசைக்கல்லில் பணியாரம் சுடக் கேட்கிறாய், அதை முதலில் தெரிந்துகொள்.

நான் பஹ்ரைனில் பதினோரு வருடம் படகுப் பட்டறையில் இருந்தவன். இப்போது காட்பாடியில் பம்ப் ரிப்பேர், மோட்டார் ரீவைண்டிங். ஸ்கி போட்டை வடிவமைத்தவன் பட்ட பாடெல்லாம் அலை எழக் கூடாது என்பதற்காகத்தான். பின்னால் ஒற்றைப் பலகையில் வருகிறவன் மணிக்கு 55, 58 கிலோமீட்டரில் படகின் தடத்தைக் குறுக்கே வெட்டிப் போவான். அங்கே மேடு இருந்தால் தூக்கி அடிக்கும். அதனால் அடிப்பாகம் தட்டை, எடை குறைவு. உன் படகு வெறும் எடையில் 1100 கிலோ சுமாருக்கு இருக்கும். இந்தக் காலத்து சர்ஃப் படகுகள் பாரத்துக்காக மட்டுமே 1500, 2000 கிலோ தண்ணீரை நிரப்பிக்கொள்கின்றன. உன் முழுப் படகையும் தூக்கி அதன் வயிற்றில் வைத்தாலும் இடம் மீதி இருக்கும்.

சர்ஃபிங்குக்கு வேகம் 16 முதல் 18 கிலோமீட்டர் போதும். படகு எவ்வளவு எடையோ அவ்வளவு தண்ணீரை ஒதுக்கித்தான் போக வேண்டும். ஒதுங்கிய தண்ணீர் பின்னால் வந்து மூடும்போது எழுவதுதான் உன் அலை. இடது காலை முன்னால் வைத்து நிற்பவனானால் படகின் இடது பக்க அலை உனக்கு. எனவே 350 முதல் 400 கிலோ, மொத்தமும் பின்பக்க இடது மூலையில். படகு சாயட்டும், பயப்படாதே.

9 ஜூன், படுக்கப் போகும் முன்

எடைக்கென்று விற்கும் தண்ணீர்ப் பையை உடனே வாங்கிவிடாதே. ஆறு பேரை ஏற்றி இடது மூலையில் உட்கார வைத்துப் பார். மாமன் மச்சான் இல்லாவிட்டால் ஆபீஸ்காரர்கள். பிரியாணி போடுகிறேன் என்றால் வருவார்கள்.

20 அடிக்குக் குறைந்த படகில் எவ்வளவு ஏற்றலாம் என்று ஒரு தகடு அடித்திருப்பார்கள். அந்தக் கணக்கில் ஆளும் சேர்த்தி, மூட்டையும் சேர்த்தி.

11 ஜூன்

வாணியம்பாடியிலிருந்து ஒருவர், "மச்சான் பழவேற்காட்டில் ஃபைபர் படகு வைத்திருக்கிறார், அவுட்போர்டு மோட்டார். அதிலும் செய்யலாமா?" என்று கேட்கிறார்.

கூடாது. எடை ஏற்றியும் கூடாது, ஏற்றாமலும் கூடாது. அவுட்போர்டில் புரொப்பல்லர் படகுக்குப் பின்னால் வெளியே சுற்றுகிறது. சர்ஃப் செய்பவன் அதற்கு ஐந்தாறு அடி பின்னால் நிற்கிறான், கயிற்றையும் விட்டுவிடுகிறான். அலையே அவனைப் படகை நோக்கித் தள்ளும். ஆம்பூர்த் தம்பியின் படகில் புரொப்பல்லர் அடியில், சுக்கானுக்கும் முன்னால் உள்ளே இருக்கிறது. அதனால்தான் இந்தப் பேச்சே. முன்பக்கம் பார்த்து இழுக்கும் புரொப்பல்லர் உள்ள டிரைவ்கள் 2015 வாக்கில் வந்தன. அது வேறு கதை. பழவேற்காட்டில் மீன் பிடிக்கட்டும்.

12 ஜூன்

எடை எடை என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன், அதைத் தாங்க அடியில் மரம் இருக்கிறதா என்று கேட்கவில்லை பார்.

அந்தக் காலத்துப் படகில் அடியில் நீளவாக்கில் ஓடும் சட்டங்கள் பெரும்பாலும் மரம். ஸ்ட்ரிங்கர் என்பார்கள். மேலே ஃபைபர் பூசியிருக்கும். என்ஜினைப் பிடிக்கும் போல்ட், தரைப்பலகை ஆணி என்று எங்கெல்லாம் துளை போட்டார்களோ அங்கெல்லாம் முப்பத்தைந்து வருடமாகத் தண்ணீர் இறங்கியிருக்கும். வெளியே பளபளவென்று இருக்கும், உள்ளே தேயிலைத் தூள்.

சுத்தியல் காம்பால் நெடுகத் தட்டிக்கொண்டே போ, தேங்காய் வாங்கும்போது தட்டுவது போல. கணீரென்றால் நல்ல மரம். தொப்பென்றால் அங்கே நில். என்ஜின் மவுன்ட் போல்ட்டில் ஸ்பேனர் போட்டுப் பார். இறுகாமல் சும்மா சுற்றினால் அது பிடித்துக்கொண்டிருப்பது மரத்தை அல்ல, பழைய ஞாபகத்தை. சந்தேகமான இடத்தில் மேலிருந்து சின்னதாக ஒரு துளை போடு. டிரில் பிட்டில் வெள்ளைச் சீவல் வந்தால் எபாக்சி வைத்து அடைத்துவிடலாம். கறுப்பாக ஈரப்பொடி வந்தால் இந்தக் கோடையில் சர்ஃபிங் இல்லை, மரவேலைதான்.

13 ஜூன்

தம்பி தட்டிப் பார்த்துவிட்டானாம். வலது பக்கம் ஓரிடத்தில் மட்டும் "கொஞ்சம் தொப்" என்கிறான். கொஞ்சம் தொப் என்று ஒன்று கிடையாது. துளை போடு.

16 ஜூன்

துளையில் வெள்ளைச் சீவல்தான் வந்ததாம். சரி, தப்பித்தான்.

இன்று புகை. இதை முதல் நாளே சொல்லியிருக்க வேண்டும். பஹ்ரைனில் ஒரு படகின் கார்புரேட்டரைச் சரி பார்க்கிறேன் பேர்வழி என்று பின்மேடையில் கால் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தேன். என்ஜின் ஐடிலில் ஓடுகிறது, பின்னாலிருந்து மெல்லிய காற்று. இருபது நிமிடத்தில் நெற்றிப் பொட்டில் வலி, வாந்தி வருகிற மாதிரி. வெயில் என்று நினைத்தேன். எழுந்தால் கால் நிற்கவில்லை. சக வேலையாள் ஒருவர், மலையாளி, அக்குளில் கை கொடுத்துத் தூக்கிப் போய்க் காற்றோட்டத்தில் படுக்க வைத்தார். கார்பன் மோனாக்சைடு. வாசனை கிடையாது. பெட்ரோல் புகை நாறும், அதற்குள் இருக்கும் இது நாறாது.

உன் படகில் இரண்டு புகைக் குழாய்களும் பின்பலகையில்தான் திறக்கின்றன. ஸ்கி ஆடுபவன் அறுபது அடி தள்ளி வேகமாக வருகிறான், அவனுக்குப் பாதகமில்லை. சர்ஃப் செய்பவன் குழாய் வாயிலேயே மெதுவாக வருகிறான். இரண்டு குழாய்களையும் ஒன்றாகச் சேர்த்து, வாயை நீர்மட்டத்துக்குக் கீழே புரொப்பல்லர் பின்னால் தள்ளும் தண்ணீருக்குள் திருப்பிவிடும் அமைப்பு விற்கிறார்கள். பைக்கு முன்னால் அதற்குப் பணம் எடுத்து வை. ஓடும் படகின் பின்மேடையைப் பிடித்துத் தொங்குவதைக் கலிபோர்னியாவில் 2005-லேயே சட்டம் போட்டுத் தடுத்துவிட்டார்கள். அத்தனை பேர் செத்த பிறகு.

23 ஜூன்

தம்பி ஆறு பேரை ஏற்றி ஓட்டிப் பார்த்துப் படம் அனுப்பியிருக்கிறான். படகு வாழைத்தண்டு மாதிரி சாய்ந்திருக்கிறது. அலை உயரம் இருக்கிறது, ஆனால் முகடெல்லாம் நுரை. சோப்புத் தண்ணீர். "அண்ணே, பலகையில் நின்றால் அமுங்கிவிடுகிறது, தள்ளவே இல்லை" என்கிறான்.

நான் சொன்னபடிதான் செய்திருக்கிறான். அப்போ தப்பு என் மேல்தானோ? யோசிக்கிறேன். பஹ்ரைனில் 2010 வாக்கில் எல்லோரும் இப்படித்தான் சாய்த்தார்கள். சாய்த்தால் அலை வரத்தான் செய்தது. அந்தப் படகுகள் ஆழமானவை, பாரமானவை. இது தட்டை.

30 ஜூன்

அணைக்கட்டுப் பக்கம் அக்கா வீட்டு நிலத்தில் மோட்டார் பழுது என்று போயிருந்தேன். பேரிங் மாற்றிவிட்டு வாய்க்காலில் கை கழுவும்போதுதான் தோன்றியது. ஐந்து குதிரை மோட்டார், ஒன்றரை அடி அகல சிமென்ட் வாய்க்கால், தண்ணீர் நல்ல வேகம். அக்காள் பேரனின் கிரிக்கெட் மட்டை ஒன்று கைப்பிடி உடைந்து கிடந்தது. அதன் அடித்துண்டை, தட்டையான முனை பின்னால் வருகிற மாதிரி நீரோட்டத்தில் பாதி அமுக்கிப் பிடித்தேன். படகு நிற்கிறது, ஏரி ஓடுகிறது, அவ்வளவுதான் வித்தியாசம்.

இரண்டு பக்கமும் ஒதுங்கின தண்ணீர், மட்டைக்குப் பின்னால் நாலு விரல் தள்ளி ஒன்றோடொன்று மோதிக் குமிழாக எழும்பி உடைந்தது. தம்பி அனுப்பிய சோப்பு நுரை அதேதான். பிறகு ஒரு தீப்பெட்டியை வலது பக்கம், பின்முனைக்கு ஒட்டி நெருக்கிப் பிடித்தேன். வலப்பக்கத் தண்ணீர் அதில் இடித்து வெளியே விலகிச் சுற்றிக்கொண்டு தாமதமாக வந்தது. மோதுகிற இடம் பின்னால் நகர்ந்துவிட்டது. இடப்பக்கத் தண்ணீர் மோத ஆள் இல்லாமல் கண்ணாடி மாதிரி வழுவழுவென்று ஒரு சின்ன மடிப்பாக நின்றது. தீப்பெட்டியை எடுத்தால் நுரை, வைத்தால் கண்ணாடி. பத்து தடவை செய்து பார்த்தேன். குடியாத்தம் தீப்பெட்டி நனைந்து கூழாகிவிட்டது. "ரிப்பேருக்கு வந்தவன் வாய்க்காலில் விளையாடுகிறான்" என்று அக்காள் மருமகன் பார்த்துக்கொண்டிருந்தார்.

2012-ல் மாலிபு கம்பெனி சர்ஃப் கேட் என்று கொண்டு வந்ததும் இந்தத் தத்துவம்தான். படகைச் சாய்க்காமல், அலை வேண்டிய பக்கத்துக்கு எதிர்ப்பக்கத்தில் ஒரு கதவை நீட்டுவது. நான் அதைப் பார்த்திருக்கிறேன், பிரித்து மாட்டியும் இருக்கிறேன். ஏன் எதிர்ப்பக்கம் என்று மட்டும் அன்றைக்கு யோசிக்கவில்லை. ஹிஞ்சுக்கு கிரீஸ் வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

ஆக, 9 ஜூன் அன்று சொன்னதை வாபஸ் வாங்குகிறேன். எடை அலையின் உயரத்துக்கு. வடிவத்துக்கு, இரண்டு பக்கத் தண்ணீரும் சந்திப்பதைத் தள்ளிப்போட வேண்டும்.

1 ஜூலை

கதவை நீயே செய்துகொள்ளலாம். மரைன் பிளைவுட்டில் ஒன்றேகால் அடி நீளம், அரை அடிக்குச் சற்று மேல் அகலம். அதற்குக் கீழே இன்னொரு பலகை. இரண்டையும் ஆப்பு வடிவத்தில் சேர். முன்விளிம்பு படகின் உடம்போடு ஒட்டும், பின்விளிம்பு மூன்று அங்குலம் வெளியே தள்ளி நிற்கும். கண்ணாடிக் கடைக்காரர்கள் பெரிய கண்ணாடி தூக்க வைத்திருக்கும் சக்‌ஷன் கப் இரண்டு, அதுதான் பிடிப்பு. படகில் துளை எதுவும் வேண்டாம். இடப்பக்க அலைக்கு வலப்பக்கம், பின்பலகைக்கு ஒட்டி, நீர்மட்டத்துக்குக் கீழே. உடம்பைத் துணியால் துடைத்து மெழுகு போக்கிவிட்டு ஒட்டு.

மறக்காமல் ஒரு கயிறு போட்டுக் கொக்கியில் கட்டு. அது கழன்று விழும். விழுமா என்ற கேள்வியே இல்லை.

1 ஜூலை, கொஞ்சம் கழித்து

கதவு இழுக்கிற பக்கம் படகு திரும்பப் பார்க்கும். ஸ்டியரிங்கை எதிர்ப்பக்கம் லேசாகப் பிடித்தபடியே ஓட்ட வேண்டும். கை வலிக்கும்.

எடையை இனி இரண்டு பின்மூலைக்கும் பிரி. இடதில் கொஞ்சம் கூட. முன்னால் 80 கிலோ போல வை, அலை நீளும். பின்னாலேயே எல்லாம் வைத்தால் உயரம் வரும், ஆனால் நிற்க இடமிருக்காது.

7 ஜூலை

எடைக்கு என்ன வைப்பது என்று ஆளுக்கொன்று சொல்கிறீர்கள்.

மணல் மூட்டை: வேண்டாம். ஓரம் கிழிந்து மணல் அடியில் இறங்கினால், படகின் அடியில் சேரும் தண்ணீரை வெளியே இறைக்கும் பில்ஜ் பம்பு போச்சு. அந்த நாளில்தான் அது உனக்குத் தேவைப்படும்.

பழைய பேட்டரி ஈயம்: ராணிப்பேட்டை நண்பரே, அதைக் கையால் தொடுவதே தப்பு. குண்டுகளாகப் பையில் அடைத்துத் தைத்த ஈயம் விற்கிறார்கள், இடம் அடைக்காது, அதனால் வாங்குகிறார்கள். ஆனால் ஒன்றை யோசி. படகில் தண்ணீர் புகுந்துவிட்டால் தண்ணீர்ப் பைக்குத் தண்ணீருக்குள் எடை கிடையாது, சும்மா மிதக்கும். ஈயம் கடைசி வரை கீழே இழுக்கும்.

தண்ணீர்ப் பைதான். "இங்கே விலை அதிகம் அண்ணே" என்றான் தம்பி. நம் லாரி தார்ப்பாய் தைக்கிறவர்கள் இருக்க அமெரிக்கக் கம்பெனி எதற்கு என்று நான் கிளம்பினேன்.

14 ஜூலை

தார்ப்பாய்ப் பை விவகாரம். எழுதவே கூச்சமாக இருக்கிறது.

கடைக்காரர் நன்றாகத்தான் தைத்தார், இரட்டைத் தையல். 200 லிட்டர் பிடிக்கும். மொட்டை மாடியில் வைத்துக் குழாயைச் சொருகினேன். நிரம்ப நிரம்ப ஊசித் துளை ஒவ்வொன்றிலும் ஒரு முத்து நீர், எண்ணெய்க் கத்திரிக்காய் வியர்ப்பது போல. சரி, கசிவுதானே என்று கீழே காபி குடிக்கப் போனேன். தையல் மூலை பிய்த்துக்கொண்டு மொத்தமும் மாடிப்படியில் இறங்கி, கீழ் போர்ஷனில் குடியிருப்பவர்கள் காயவைத்த வடகத்தில் போய் நின்றது. வடகத்துக்குப் பணம் கொடுத்தேன், வாங்கிக்கொண்டார்கள்.

இரண்டாவது பை தைக்கவில்லை, சூடு வைத்து ஒட்டினோம். அது நின்றது. ஆனால் உள்ளே தடுப்பு இல்லாததால் ஒரு பக்கம் சாய்த்தால் தண்ணீர் முழுவதும் அந்தப் பக்கம் ஓடுகிறது. படகு திரும்பும்போது 200 கிலோ ஓடினால் என்ன ஆகும்? தம்பி, விலை கொடுத்தே வாங்கிக்கொள். என் பை இப்போது அக்கா நிலத்தில் தென்னங்கன்றுக்குத் தண்ணீர் கொண்டு போகிறது.

15 ஜூலை

பம்பு கேட்டவர்களுக்கு: மணிக்கு 1200 கேலன் என்று போட்டிருக்கும் 12 வோல்ட் பம்பு, கணக்குப்படி நிமிடத்துக்கு 75 லிட்டர். ஓஸ் வளைவு, உயரம் எல்லாம் தின்றது போக 50 வந்தால் சந்தோஷப்படு. படகில் துளை போடாமல், ஓரமாகத் தொங்கவிட்டு இழுத்துக்கொள்.

4 ஆகஸ்ட்

இரண்டு வாரமாக யாரும் எழுதவில்லை என்று பார்த்தால் தம்பி ஒரு முழுக்குப் போட்டிருக்கிறான். படகு முழுகவில்லை, பயப்படாதீர்கள். விழுந்த ஆளைத் தூக்கச் சட்டென்று திரும்பியிருக்கிறான். தான் எழுப்பிய அலை தனக்கே எதிரே வந்திருக்கிறது. ஸ்கி போட்டின் மூக்கு தாழ்வு, முன்னால் எடை வேறு. ஒரு அலை அப்படியே மூக்கின் மேல் ஏறி உள்ளே. மனைவியின் செல்போன், சாம்பார் சாதம், எல்லாம்.

திரும்பும் முன் வேகத்தைக் குறை, அலை கடந்து போகட்டும், அப்புறம் மெதுவாக வட்டமடி. சட்டென்று நிறுத்தவும் கூடாது, பின்னால் வரும் அலை பின்பலகை மேல் ஏறும். முன்னால் 80 கிலோ என்று சொன்னேனே, உள்ளே ஆள் நிறைய இருந்தால் அது வேண்டாம். இதுவும் என் வாபஸ் கணக்கில் சேரட்டும்.

6 ஆகஸ்ட்

"வேலூரில் உட்கார்ந்துகொண்டு அலையைப் பற்றிப் பேசுகிறீர், முதலில் பாலாற்றில் தண்ணீர் வரட்டும்" என்று ஒருவர். நீரில்லாத ஆறு, சாமியில்லாத கோயில், அரசனில்லாத கோட்டை என்று நம் ஊரை எத்தனை காலம் கேலி செய்வீர்கள்? சாமி 1981-ல் கோயிலுக்கு வந்துவிட்டார். ஆற்றுக்குத் தண்ணீர் 2021 நவம்பரில் வந்து பாலத்தையெல்லாம் மிரட்டிவிட்டுப் போனது. அரசன்தான் பாக்கி.

7 ஆகஸ்ட்

அதற்கு பதிலாக "காவேரிப்பாக்கம் ஏரி இருக்கிறதே, அதில் ஒரு படகு இறக்கலாமே" என்று கேட்டவருக்கு.

எனக்கும் ஒரு காலத்தில் ஆசை இருந்தது. ஏரி கோடி போகும் நாளில் கரை மேல் நின்று பார்த்தால் கடல் மாதிரிதான் இருக்கும். ஆனால் அது பல்லவர் காலத்து மண்கரை. வெறும் காற்று எழுப்பும் அலைக்கே கரை கரையுமென்று உள்சரிவில் அலைக்கல் பதித்திருக்கிறார்கள். சர்ஃப் படகு எழுப்புவது காற்றலை அல்ல, கனத்த அலை. மின்னசோட்டா பல்கலைக்கழகம் 2022-ல் அளந்து பார்த்து, இந்தப் படகுகளின் அலை அடங்கிச் சாதாரணப் படகின் அலையளவுக்கு வர 500 அடிக்கு மேல் தூரம் வேண்டும் என்றது. வெர்மான்ட் மாநிலம் 2024-ல் விதியே போட்டுவிட்டது: கரையிலிருந்து 500 அடி, ஆழம் 20 அடி, இடம் குறைந்தது 50 ஏக்கர். ஏரிக்குக் கீழே நெல் போட்டிருப்பவனிடம் போய் விளையாட்டுக்குக் கரையைக் கொஞ்சம் கரைத்துக்கொள்கிறேன் என்று சொல்லிப் பாருங்கள்.

ஏலகிரி புங்கனூர் ஏரியில் பெடல் போட் இருக்கிறது. மிதியுங்கள்.

25 ஆகஸ்ட்

ஏலகிரி என்றதும் ஞாபகம் வந்தது. தம்பி என்ஜின் திணறுகிறது என்கிறான். பதினாலு கொண்டை ஊசி வளைவையும் டாப் கியரில் ஏறினால் திணறாமல் என்ன செய்யும்? ஸ்கி புரொப்பல்லர் வேகத்துக்கு. பிட்ச் என்பது ஒரு சுற்றுக்கு எத்தனை அங்குலம் முன்னே போகப் பார்க்கிறது என்ற கணக்கு. எடை ஏற்றினால் பிட்ச் குறைந்ததாக ஒன்று போடு. முழு த்ராட்டிலில் என்ஜின் தன் வரம்பைத் தாண்டிச் சுற்றாமல் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்.

மாற்றும்போதே, ஷாஃப்ட் வழியே தண்ணீர் உள்ளே புகாமல் அடைக்கும் கிளாண்ட் கயிறையும் பார். நம் கிணற்று பம்பில் போடும் அதே சரக்குதான். ஓடும்போது நிமிடத்துக்கு மூன்று நாலு சொட்டு வரலாம், வர வேண்டும். ஓட்டமாக வந்தால் இறுக்கு.

20 அக்டோபர்

தம்பி வீடியோ அனுப்பியிருக்கிறான். நாலைந்து தடவை போட்டுப் பார்த்தேன். முழங்கால் உயர அலை, முகடு வழுவழுப்பு, நுரை பின்னால் தள்ளி. வாய்க்காலில் நான் பார்த்த மடிப்பு, ஆள் நிற்கும் அளவில். கயிற்றை விட்டுவிட்டுப் பதினோரு விநாடி நிற்கிறான். பிறகு சக்‌ஷன் கப் கழன்று, கதவு கயிற்றில் தொங்கி, அலை நுரையாகி, ஆள் தண்ணீரில். சிரித்துக்கொண்டே எழுகிறான்.

ஆறாவது தடவை பார்க்கும்போதுதான் கண்ணில் பட்டது. படகு நின்றதும் புகைக் குழாயின் புதிய வாய் மட்டுமல்ல, பின்பலகையில் பழைய குழாய் இறங்கும் இடமும் முழுக்கத் தண்ணீருக்கு அடியில் இருக்கிறது. எடை அந்த அளவு அமுக்குகிறது. குழாய்க்குள் ஒரு ரப்பர் மடல் இருக்கும், பின்னாலிருந்து வரும் அலை என்ஜினுக்குள் ஏறாமல் மூடிக்கொள்ளும். முப்பத்தைந்து வருட ரப்பர். அது கிழிந்திருந்தால் தண்ணீர் சிலிண்டருக்கே போகும், அப்புறம் 351-க்குப் பால் ஊற்றிவிட வேண்டியதுதான்.

மடலைப் பார்த்தாயா தம்பி?

21 அக்டோபர்

"எந்த மடல் அண்ணே?" என்று கேட்கிறான். டார்ச் எடுத்துக்கொண்டு படகுக்குப் போ. விரலை உள்ளே விட்டுத் தடவிப் பார்த்துவிட்டு எழுது.